வளையக்கோட்டையில் நான்கு ஆடுகள்

முப்பத்தேழாம் பக்கத்தில் ஓர் ஆடு கத்தியது.

பாண்டிமீனா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தை மறுபடியும் படித்தாள். ‘எரிபொருள் அறைக்கு வெளியே நீண்டு கிடந்த நடைபாதையில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தூரத்தில் ஓர் ஆடு கத்தியது.’ கதை நடக்கிற இடமோ சனிக்கோளின் வளையத்துக்குள் மிதக்கிற விண்நிலையம். அங்கே குடிக்கிற தண்ணீரையே ஏழு முறை சுத்திகரித்துத்தான் கொடுப்பார்கள். மண் கிடையாது, புல் கிடையாது, ஆட்டுக்கு அங்கே என்ன வேலை? எழுதின ஆசாமிக்கு மதியச் சாப்பாடு கண்ணைக் கட்டியிருக்கும் என்று நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாடி அறையில் கொஞ்சம் பெரிதாகவே கேட்டது.

அன்றைக்குச் சிவகாசியில் மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை கரண்ட் கிடையாது. காலண்டர் சீசனில் ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஓடுகிற மெஷின்கள் எல்லாம் கீழே தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. ஆட்களுக்கு லீவு. நாளைக்கு வேறு வேலை இருந்ததால் இந்த நாவலை இன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று அவள் மட்டும் வந்திருந்தாள். வந்ததும் கீழே சின்னக் கதவை உள்ளிருந்து தாழ் போட்டாள். மேலே ஏறி, பழக்கதோஷத்தில் டியூப்லைட் சுவிட்சைப் போட்டாள். எரியவில்லை. போட்ட சுவிட்சை அணைக்கவும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் போதும் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வேலையை வெளியாளுக்குச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். ‘வளையக்கோட்டை’ என்று செல்போனில் பார்க்கிற ஒரு தொடர். மூன்று பருவம் வந்துவிட்டது. அதே ஆட்களை வைத்து மாதம் ஒரு பாக்கெட் நாவல் போடுகிற உரிமையைச் சென்னைக் கம்பெனியிடமிருந்து லட்சுமிகாந்தம் அண்ணாச்சி வாங்கியிருந்தார். எழுதுகிறவர்கள் ஐந்து பேர், ஆளுக்கொரு ஊர், ஒருத்தர் எழுதுவதை மற்றவர் படிப்பதில்லை. ஒருவர் கொன்ற விஞ்ஞானியை இன்னொருவர் அடுத்த மாதமே காபி குடிக்க வைத்துவிடுவார். எந்த நாவல் எந்தப் பருவத்தில், எந்த இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவில் நடந்தது என்று முடிவு செய்து, செத்தவன் காபி குடித்தது சாவதற்கு முந்தின வாரம் என்று நிரூபித்து, முதல் பக்கத்தில் அதை அச்சடிப்பது பாண்டிமீனாவின் பொறுப்பு. நாற்பத்தொரு நாவல் ஆகிவிட்டது. குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே புத்தகம் வாங்குகிற வாசகர்கள்கூட இதுவரை ஒரு பிழை காட்டியதில்லை. அதில் அவளுக்கு நல்ல கர்வம் உண்டு.

எதிர்ச் சுவர் முழுக்க அந்தக் காலவரிசைதான். சென்னைக்காரர்கள் தேதி எதுவும் கொடுக்காததால், அச்சில் வீணாய்ப்போன தினசரிக் காலண்டர் தாள்களை வரிசையாகக் குத்தி, ஒரு தாள் ஒரு நாள் என்று அவளே வைத்துக்கொண்டாள். நானூற்றுச் சொச்சம் தாள். சனிக்கோளுக்கும் சித்திரை உண்டு, அஷ்டமி நவமி உண்டு. நாற்பத்தொரு நாவலில் ஒரு விண்கப்பல்கூட ராகுகாலத்தில் கிளம்பியதில்லை. அதை மட்டும் எந்த வாசகரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த வேலைக்கு அவள் வைத்திருக்கிற சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஓர் ஆளை ஓரிடத்திலிருந்து எடுத்தால் இன்னோர் இடத்தில் வைத்தே ஆகவேண்டும். அந்தரத்தில் விடக் கூடாது.

விருதுநகரில் இருந்த நவநீதகிருஷ்ணனுக்குப் போன் போட்டாள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர், ஐந்து பேரில் ஒழுங்காக எழுதுகிறவர், இந்த நாவல் அவருடையது. அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். தன் பிரதியை எடுத்து வாசித்துக் காட்டினார். அவர் எழுதியிருந்தது, ‘தூரத்தில் அபாயமணி ஒலித்தது.’

“நான் எதுக்கும்மா அங்கன ஆட்டைக் கொண்டு விடப்போறேன்? உங்க கம்போசிங்ல யாரோ விளையாடியிருக்காக.”

போனை வைத்தபோது அவளுக்குச் சிரிப்பு போயிருந்தது. அந்த ஆடு அவளுக்குத் தெரிந்த ஆடு. அச்சங்குளம் பக்கம் வேலிக்கு வெளியே மேய்ந்ததாக அவள் எழுதிய நான்கு ஆடுகளில் ஒன்று.

லட்சுமிகாந்தம் அண்ணாச்சிக்கு அச்சகம் மட்டும் இல்லை, அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனியும் இருந்தது. இரண்டுக்கும் ஆபீஸ் இதே மாடிதான். கம்பெனி வருகைப் பதிவேடு வாரம் ஒருமுறை சாக்கில் கட்டி வரும், பாண்டிமீனா நல்ல கையெழுத்தில் பிரதி எடுத்து வைப்பாள். ஆவணி கடைசிச் சனிக்கிழமை அங்கே பட்டாசு மருந்து கலக்கிற அறை ஒன்று வெடித்தது. ஓர் அறைக்கு நான்கு பேர் என்பது லைசென்ஸ் கணக்கு. தீபாவளி ஆர்டர் நெருக்கியதால் அன்றைக்கு ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் செத்துப்போனார்கள். ஐந்தாவது ஆள் முத்துப்பேச்சி. அறையில் நான்கு பேர்தான் இருந்தார்கள் என்றால் விபத்து, ஐந்து பேர் என்றால் குற்றம்.

அன்று சாயங்காலமே அண்ணாச்சி இந்த அறைக்கு வந்து, இதே நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. பாண்டிமீனாவின் மகள் ஐஸ்வர்யா படிக்கிற காலேஜில் அவர் அறங்காவலர் என்பதைக்கூட அவர் நினைவுபடுத்தவில்லை. அது இரண்டு பேருக்குமே நன்றாக நினைவில் இருந்தது.

“நீ எம்புட்டுப் பேர அங்கிட்டும் இங்கிட்டும் மாத்தி வச்சு கதையைச் சரி பண்ணுத மீனா. இதுவும் அது மாதிரிதாம்மா. ஒரே ஒரு ஆளு.”

அவள் செய்தாள். அவமானம் என்னவென்றால், நன்றாகச் செய்தாள். முத்துப்பேச்சி செவ்வாய்க்கிழமையே வேலையை விட்டு நின்றுவிட்டதாகப் பதிவேட்டில் எழுதினாள். ஆனால் உடம்பு அங்கே கிடந்ததே. ஆளை எடுத்தால் எங்காவது வைக்கவேண்டுமே. ‘சம்பவ நேரத்தில் வேலிக்கு வெளியே நான்கு ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தபோது தெறித்து விழுந்த கல் பட்டு’ என்று அதிகாரிக்குப் போகிற விபத்து அறிக்கையில் ஒரு வாக்கியம் சேர்த்தாள். எழுதி முடித்ததும் சரியாகப் பொருந்திவிட்டதே என்று ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக அன்றிலிருந்து அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு.

முத்துப்பேச்சியை அவளுக்குத் தெரியும். வருஷா வருஷம் முருகன் படம் போட்ட காலண்டர் கேட்டு வருவாள். அச்சுப் பிழையானதாக இருந்தாலும் போதும் என்பாள். பட்டாசுக்கு அலுமினியப் பவுடர் பிசைகிற கை என்பதால் விரல் எல்லாம் வெள்ளியாக இருக்கும், எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் தங்கிவிடும். போன வருஷம் வந்தபோது சுவரைப் பார்த்து இது என்னது என்று கேட்டாள். பாண்டிமீனா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப யாரு எப்ப எங்கன இருந்தாகன்னு உங்களுக்குத்தான் தெரியும், என்னக்கா?” என்றாள். கிண்டல் இல்லை, நிஜமான மரியாதை.

முத்துப்பேச்சியின் புருஷன் கருத்தப்பாண்டி போன வாரம் வந்து இந்த வாசலில் நின்றான். அழவும் இல்லை, கத்தவும் இல்லை. பேச்சி அன்றைக்குக் காலையில் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு வேலைக்குத்தான் போனாள் என்று சொன்னான். பிறகு, கம்பெனியில் அவனிடம் சொல்லியிருந்த ஆட்டுக் கதையை நினைத்து, “எங்ககிட்ட ஆடே கிடையாதேக்கா” என்றான். அவன் பேசியது அவ்வளவுதான். அந்தத் தூக்குச்சட்டி அப்போது அவன் தலைக்குமேல், பீரோவின் உச்சியில், பழைய பேப்பருக்குப் பின்னால் இருந்தது. இடிந்த அறைக்குள் கிடந்ததைப் பொறுக்கிப் பதிவேட்டுச் சாக்கோடு போட்டு அனுப்பிவிட்டார்கள். பக்கம் நசுங்கி, மூடி இறுகி, கல்யாணத்துக்கு வாங்கியபோது வெட்டின ‘மு.பேச்சி’ என்ற பெயர் மட்டும் கருகாமல் இருந்தது. தூக்கி எறியச் சொல்லியிருந்தார் அண்ணாச்சி. அவளால் எறிய முடியவில்லை. கொடுக்கவும் முடியவில்லை.

நாளைக்குக் காலை பத்து மணிக்கு விசாரணை. பதிவேட்டை எழுதினவள் என்ற முறையில் அதிகாரி முன்னால் அவள் உட்கார்ந்து, முத்துப்பேச்சி அந்த அறையில் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் ஐஸ்வர்யா கடைசி வருஷத்தை முடித்துவிடுவாள், கருத்தப்பாண்டிக்கும் அவன் பிள்ளைகளுக்கும் நஷ்டஈடு எதுவும் கிடையாது. சொல்வதாகத்தான் பாண்டிமீனா முடிவு செய்திருந்தாள்.

அறிக்கை அண்ணாச்சியின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. கம்போசிங் ஆட்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. பின்னே ஆடு எப்படி வந்தது?

அலமாரியிலிருந்து பழைய நாவல்களை இறக்கினாள். வெளிவந்த வரிசையில் புரட்டிக்கொண்டே போனாள். ஒன்பதாவது நாவலில், அவள் மூன்று முறை திருத்தி அச்சுக்கு அனுப்பின பக்கத்தில், அவளுக்குத் தெரியாத ஒரு வரி இருந்தது. ‘அவள் வாசல்வரை வந்து வெளியே பார்த்தாள்.’ எவள்? அந்த அத்தியாயத்தில் பெண்ணே கிடையாது. பதினான்காவதில் யாரோ ஒருத்தி ஜன்னல் ஜன்னலாக உள்ளே எட்டிப் பார்த்தாள். இருபதாவதில், நான்கு பேர் வேலை செய்த அறையில் ஐந்தாவதாக ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு எதையோ பிசைந்துகொண்டிருந்தாள். முன்னுக்குப் பின் முரணாக, தொடர்பே இல்லாமல் ஏழெட்டு வரிகள். மற்ற யாராக இருந்தாலும் அத்துடன் புத்தகத்தை மூடியிருப்பார்கள். பாண்டிமீனாவின் கை அதுவாகவே அந்தப் புத்தகங்களைச் சுவரில் இருந்த காலவரிசைப்படி அடுக்கத் தொடங்கியது.

அடுக்கினதும் எல்லாம் பொருந்திவிட்டது.

முதலில் இருபதாவது நாவல். அறையில் ஐந்தாவதாகக் குனிந்திருக்கிறாள். அடுத்து வருகிற கதையில் நிமிர்ந்து, வெள்ளியான கையைச் சேலையில் துடைக்கிறாள். அதற்கடுத்த கதையில் வாசலுக்கு வருகிறாள். பிறகு வெளியே நிற்கிறாள், அவளைச் சுற்றி நான்கு ஆடுகள், யாருடைய ஆடுகள் என்று தெரியாமல் அவற்றைப் பார்க்கிறாள். அப்புறம் ஒரு வேலியைத் தேடிக்கொண்டு நெடுநேரம் நடக்கிறாள். ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்க்கிறாள். காலவரிசையில் கடைசியாக இருந்த முப்பத்துமூன்றாவது நாவலில், ஓர் இரும்புப் படிக்கட்டின் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்க்கிறாள்.

வளையக்கோட்டையில் படிக்கட்டே கிடையாது. அங்கே எல்லோரும் மிதந்துதான் போவார்கள். இந்த மாடிக்குத்தான் இரும்புப் படிக்கட்டு.

மணி நாலே கால். வெளியே வெயில் எப்போது போனது என்று தெரியவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் வானம் மையைக் கொட்டினது போலக் கறுத்துக் கிடந்தது, காற்று அசையவே இல்லை. காகிதமும் பசையும் மண்ணெண்ணெயுமாக எப்போதும் மணக்கிற அறையில், அவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு வாடை மெதுவாக ஊறிக்கொண்டிருந்தது. நனைந்த ஆட்டு ரோமத்தின் மொச்சை, அதோடு கந்தகம். தெருவிலிருந்து வருகிறது என்று ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியதும் வாடை கூடியது.

அப்போதுதான் கீழே சத்தம் கேட்டது. சிமெண்டுத் தரையில் சின்னச் சின்னதாக, காய்ந்த கடலையைக் கொட்டினது போல. நின்றது. மறுபடியும் கேட்டது. மெஷின்களுக்கு நடுவே எதுவோ சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. தார்ப்பாய் ஒன்று சரசரவென்று இழுபட்டது. யாராவது கதவைத் திறந்து போட்டுவிட்டார்களோ, தெருவில் போகிற ஆடு நுழைந்துவிட்டதோ என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தாழ் போட்ட கை அவளுடையதுதான். அந்தத் தாழின் துரு இன்னும் அவள் உள்ளங்கையில் இருந்தது.

ஐஸ்வர்யாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை, கிளாஸில் இருப்பாள். அண்ணாச்சிக்குப் போட்டாள். எடுத்தார். கீழே ஆடு நிற்கிறது அண்ணாச்சி என்றாள். உடம்புக்கு முடியவில்லையா, நாளைக்கு வந்துவிடுவாய் அல்லவா என்று மட்டும் விசாரித்தார். வந்துருவேன் அண்ணாச்சி என்றாள்.

போனை வைத்ததும் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தாள். பென்சிலை எடுத்து முப்பத்தேழாம் பக்கத்தில் ஆட்டை அடித்தாள். மேலே ‘அபாயமணி ஒலித்தது’ என்று தெளிவாக எழுதினாள். சின்ன எழுத்தில், நல்ல கையெழுத்தில்.

கீழே சத்தம் நின்றது.

அவளுக்கு மூச்சு வந்தது. முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். இப்படித்தான், எல்லாமே இப்படித்தான், ஒரு கோடு இழுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கே கசந்தது. இருந்தாலும் நிம்மதியாக இருந்தது. பக்கத்தைத் திருப்பினாள். முப்பத்தெட்டாம் பக்கத்தின் முதல் வரி இப்படி இருந்தது: ‘ஆடுகளின் சத்தம் நின்றது. அவள் படியேறத் தொடங்கினாள்.’

இரும்புப் படி ஒன்று முனகியது.

பாண்டிமீனா எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கதவுக்கு வெளியே அந்தப் படிக்கட்டைத் தவிர வேறு வழியில்லை. ஜன்னலுக்குக் கம்பி. இரண்டாவது படி. வெறுங்கால். அவசரமில்லாத கால், நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற கால். அதற்குப் பின்னாலேயே குளம்புகள். வாடை முன்னால் ஏறி வந்தது. கதவைச் சாத்த ஓடினாள். கதவுக்கும் அவளுக்கும் நடுவே அடுக்கி வைத்த காலண்டர் கட்டுகள். தடுக்கி மண்டியிட்டாள்.

நிமிர்ந்தபோது வாசலில் நின்றாள் முத்துப்பேச்சி.

தலை குனிந்தே இருந்தது. கூந்தலுக்குக் கீழே முகம் இருக்கவேண்டிய இடம் நிழலாக இருந்தது. முழங்கை வரை வெள்ளி. அவளைச் சுற்றி ஆடுகள். நான்கு. அவற்றைப் பார்த்துத்தான் பாண்டிமீனா மண்டியிட்டபடியே பின்னால் நகர்ந்தாள். நான்கு ஆடுகள் என்று மட்டும்தானே அவள் எழுதினாள். வெள்ளாடா செம்மறியா என்று எழுதவில்லை. கண் எழுதவில்லை. காது எழுதவில்லை. வாய் எழுதவில்லை. நான்கு காலும் ஒரு உடம்பும் கழுத்துமாக அவை நின்றன. கழுத்துக்கு மேலே எதுவும் முடிந்திருக்கவில்லை. அப்படியிருந்தும் ஒன்று கத்தியது.

“எல்லா இடத்துலயும் தேடிட்டேன்க்கா.” பழைய குரல்தான், அதே மரியாதை. “நீங்க எழுதின வேலியைக் காணல. இந்த ஆடுக யாருதுன்னும் தெரியல. உங்களுக்குத்தான தெரியும். என்னை எங்கன இருக்கச் சொல்லுதீக?”

‘வெளியே’ என்ற சொல் பாண்டிமீனாவின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நாளைக்குச் சொல்வதற்காக மூன்று நாளாய்ப் பழகின சொல். அது வரவில்லை. பயத்தில் வேறொன்று வந்தது, இந்த மூன்று வாரமும் நெஞ்சுக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது.

“ரூம்ல இருந்த, பேச்சி. நீ ரூம்லதான் இருந்த.”

முத்துப்பேச்சி அதை யோசித்துப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

“அப்பச் சரிக்கா.”

அறைக்குள் வந்தாள்.

ஆடுகளும் வந்தன. இரண்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. ஒன்று சுவரோரம் போய்க் காலண்டர் தாள்களில் கழுத்தை உரசியது. தாள்கள் ஒவ்வொன்றாய்ப் பிய்ந்து விழுந்தன, சித்திரை, வைகாசி, ஆனி. இன்னொன்று சுவிட்ச்போர்டுக்குக் கீழே போய் நின்றது. முத்துப்பேச்சி பீரோவின் உச்சிக்குக் கை நீட்டினாள். தேடவே இல்லை. பழைய பேப்பரை விலக்கித் தூக்குச்சட்டியை எடுத்தாள். பெயர் வெட்டின இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பாண்டிமீனாவால் நெம்பியும் திறக்க முடியாமல் போன மூடி, அவள் கைக்குச் சத்தமில்லாமல் திறந்தது.

உள்ளே சோறு இல்லை.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெள்ளை வெளேரென்ற ஒரு காலண்டர் தாளை விரித்து, அதன் மேல் கவிழ்த்தாள். வெள்ளிப் பவுடர். கொட்டக் கொட்ட வந்தது. சின்னத் தூக்குச்சட்டி, ஆனால் நிற்கவில்லை. இரண்டு கையாலும் அள்ளி, உதிர்த்து, பிசைய ஆரம்பித்தாள். வேலை தெரிந்த கை. பதமான, சீரான கை. பவுடர் புகையாய் எழும்பியது. ஜன்னல் சாத்தியிருந்தது. காற்று வெள்ளியானது. பாண்டிமீனாவின் உதட்டில் உலோகச் சுவை. இமையில். நகக்கண்ணில்.

மணி நாலு ஐம்பத்தாறு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐந்து மணிக்குக் கரண்ட் வரும். டியூப்லைட் சுவிட்ச் போட்டபடி கிடக்கிறது. மினுக்கி மினுக்கித்தான் எரியும் அந்த லைட், இந்தப் பவுடருக்கு ஒரு பொறி போதும். ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்லி ஒரு மாதமாகிறது. அவள் சுவிட்ச்போர்டை நோக்கி ஒரு அடி வைத்தாள். கீழே நின்ற ஆடு அவள் பக்கம் திரும்பியது. முடிந்திராத அந்தக் கழுத்தை அவளுக்கு நேராக நீட்டியது. கால் நகரவில்லை.

“நாளைக்கு ஆபீசர்ட்ட உள்ளதச் சொல்லிருதேன் பேச்சி. சத்தியமாச் சொல்லிருதேன்.”

“சொல்லுங்கக்கா.” தலை நிமிரவில்லை. கை நிற்கவில்லை. “அஞ்சு மணிக்கு லாரில லோடு ஏத்தணும்.”

பிசைந்தாள். உதிர்த்தாள். பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள், உட்காரச் சொல்லி. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு தாள் விரித்திருந்தது. பாண்டிமீனா உட்கார்ந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. அவள் கைகள் பவுடருக்குள் போயிருந்தன, மணிக்கட்டு வரை. குளிர்ச்சியாக இருந்தது. மாவு போல.

சுவரில் கடைசித் தாள் விழுந்தது.

தெருக்கோடியில் எவனோ “கரண்ட் வந்துருச்சு” என்று கத்தினான். கீழே ஒரு மெஷின் உறுமியது. முத்துப்பேச்சி முதன்முதலாக முகத்தை நிமிர்த்தினாள்.

டியூப்லைட்டின் இரண்டு ஓரமும் மெல்லச் சிவந்தன.